இடது காது கேட்காதவனுக்கு ஒரு மிஷின்

“அண்ணே, கேக்குதா?”

மதுரையில் ஓர் இசைக்கருவிக் கடை. முதல் மாடி. ஏசி குளிரில், தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். எதிரே கண்ணாடி மேஜையில் ஒரு டிஜே கண்ட்ரோலர். இரண்டு பெரிய வட்டத் தட்டுகள், நடுவில் வரிசை வரிசையாகக் குமிழ்கள், ஓரமெல்லாம் பச்சையும் ஊதாவுமாக விளக்குகள். உறை பிரித்த புது பிளாஸ்டிக் வாசனை.

கேட்டது நித்யா. அந்தக் கடையில் டிஜே சாமான்களைப் பார்த்துக்கொள்கிற பெண். இருபத்தைந்து வயது இருக்கலாம். கையில் ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனின் வலது பக்கத்தில் பாட்டு ஓடியது. இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. சத்தம் குறைவு என்று சொல்லவில்லை. ஒன்றுமே இல்லை.

“நல்லா கேக்குதும்மா” என்றேன்.

பக்கத்தில் நின்ற இசக்கி என் தோளில் ஓங்கித் தட்டினான். “பொறவு என்னலே ரொசாரி? இதையே எடுத்துருவோம். பாக்கவே எம்புட்டு கெத்தா இருக்கு!”

இசக்கி என் சேக்காளி. முத்தையாபுரத்தில் ரேடியோ செட் வைத்திருக்கிறான். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, மாதா திருநாள் எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவன். நான்கு வருஷமாக நான் அவனோடுதான் வேலை செய்துகொண்டிருந்தேன். இனி எனக்கென்று ஒரு மிஷின் வாங்கி, நானே டிஜேயாக நிற்பது என்று முடிவெடுத்து மதுரைக்கு வந்திருந்தோம்.

“யோசிச்சுச் சொல்லுதேன்” என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

இசக்கிக்குக் கோபம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவன். அருப்புக்கோட்டை தாண்டியும் என் இடது பக்கத்தில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வந்தான். நான் வெளியே பார்த்துக்கொண்டு அவ்வப்போது “ம்” போட்டேன்.

அந்தக் காது கேட்ட கடைசிச் சத்தம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் சங்கு குளித்தவன். தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து விடிவதற்குள் வள்ளம் ஏறி, முதுகில் சிலிண்டர் கட்டி, மணலுக்குள் புதைந்து கிடக்கும் சங்கைக் கையால் தடவி எடுக்கிற வேலை. அந்தக் கதைகளைப் போன வாரங்களில் நிறையச் சொல்லிவிட்டேன். ஏன் விட்டேன் என்பதைத்தான் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். அன்றைக்கு எனக்கு நல்ல ஜலதோஷம். மூக்கு அடைத்திருந்தால் முங்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் முதல்நாள்தான் ஒரு நல்ல இடம் கண்டு வைத்திருந்தோம். அதை விட மனசில்லை.

இறங்க இறங்கக் காதுக்குள் அழுத்தம். மூக்கைப் பிடித்து ஊதினேன். காற்று போகவில்லை. இன்னும் கொஞ்சம்தானே என்று இறங்கினேன்.

‘டப்’ என்று ஒரு சத்தம். என் இடது காது கேட்ட கடைசிச் சத்தம் அதுதான்.

எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. கடல் முழுக்கச் சுற்றியது. என் மூச்சுக்குமிழ்கள் போகிற திசையைப் பார்த்து மேலே வந்தேன். வள்ளத்தில் இழுத்துப் போட்டார்கள்.

டாக்டர் பல சோதனைகள் எடுத்தார். சவ்வு மட்டும் கிழிந்திருந்தால் ஒட்டவைக்கலாமாம். எனக்கு உள்காதே போய்விட்டது. “இனிமேல் கடலுக்குள் இறங்கவே கூடாது. இன்னொரு காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

வீட்டில் மெர்சிக்கு மட்டும் சொன்னேன். என் மனைவி. உலர்பூ கம்பெனியில் பூ தரம் பிரிக்கிறவள். மற்றவர்கள் கேட்டபோதெல்லாம் “சரியாயிட்டு” என்றேன். ஒரு தொழில் போனது போதும், ஆளும் குறைப்பட்டவன் என்று பேர் வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

ஒளிப்பது பெரிய கஷ்டமில்லை. யாரோடு நடந்தாலும் அவருக்கு இடது பக்கமாக நடப்பேன். கோயிலில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காருவேன். தப்பித் தவறி யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால், ஒரு சிரிப்பு, ஒரு “ம்”.

நெஞ்சில் கேட்ட பாட்டு

கடலை விட்ட பிறகு கொஞ்ச நாள் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றினேன். பிறகு துறைமுகத்துக்கு வெளியே ஒரு சரக்குக் கிட்டங்கியில் காவல் வேலை. எதுவும் ஒட்டவில்லை. ஒருநாள் ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பெட்டி தூக்க ஆள் குறைகிறது என்று இசக்கி கூப்பிட்டான். போனேன்.

பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். பாட்டு ஆரம்பித்தது. பேஸ் அடித்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. ஆழத்தில் நிற்கும்போது தலைக்கு மேலே வள்ளத்தின் இன்ஜின் ஓடினால் அப்படித்தான் இருக்கும். காதால் கேட்பதற்கு முன் எலும்புக்குத் தெரிந்துவிடும். எனக்கு அந்த இடத்தை விட்டு நகரவே மனம் வரவில்லை.

அப்புறம் டிஜே எப்படிச் செய்கிறான் என்று கவனிக்க ஆரம்பித்தேன். எந்தப் பாட்டுக்குப் பிள்ளைகள் ஓடி வருகிறார்கள், எந்தப் பாட்டுக்குப் பெரியவர்கள் நாற்காலியிலேயே காலை ஆட்டுகிறார்கள், எப்போது கூட்டம் களைக்கிறது என்றெல்லாம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. இசக்கியிடம் இருந்த டிஜே பையன் மாலத்தீவில் ஓட்டல் வேலை கிடைத்துப் போனதும், இசக்கியே கேட்டான்.

“நீ படிச்சுக்கிடுதியாலே?”

மெர்சியிடம் சொன்னபோது அவள் குசினியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

“முப்பத்தெட்டு வயசுல டிஜேவா?”

“ஏன், ஆவக் கூடாதா?”

“ஆவலாம். இருக்கிற ஒரு காதையும் தொலைச்சிட்டு வந்து நின்னா, நான் சைகையிலயா சண்டை போட முடியும்?”

மறுவாரமே அவளே என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். சத்தத்தை வடிகட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன காதடைப்பானை டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஸ்பீக்கர்களை முன்னால் தள்ளி வைக்க வேண்டும், அவற்றுக்குப் பின்னால்தான் நான் நிற்க வேண்டும், ஹெட்போனில் சத்தம் கூடக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார். பிறகுதான் மெர்சி சம்மதித்தாள். நான் முதலில் வாங்கிய டிஜே சாமான் அந்தக் காதடைப்பான்தான். கடுகு டப்பா மாதிரி ஒரு டப்பாவில் வந்தது.

பெருசா, சிறுசா

பழைய லேப்டாப் ஒன்றில் டிஜே சாப்ட்வேர் போட்டு, மவுஸைப் பிடித்துக்கொண்டே மாசக்கணக்கில் பழகினேன். ஆனால் ஆட்கள் முன்னால் நின்று மவுஸால் பாட்டு மாற்ற முடியாது. கைக்குக் கண்ட்ரோலர் வேண்டும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ட்ரோலரில் சத்தமோ பாட்டோ கிடையாது. பாட்டு லேப்டாப்பில் இருக்கிறது. அதைக் கையால் பிடித்து ஓட்ட, நிறுத்த, கலக்க உதவும் ஒரு பலகைதான் அது. ஒரு பாட்டு ஊருக்கே ஓடிக்கொண்டிருக்கும்போது, அடுத்த பாட்டை டிஜே மட்டும் ஹெட்போனில் கேட்க வேண்டும். ஹெட்போனை ஒரு காதில் வைத்து, இன்னொரு காதால் வெளியே ஓடும் பாட்டைக் கேட்டு, இரண்டும் ஒரே தாளத்தில் வந்து சேரும்போது உள்ளே விட வேண்டும்.

ஒரு காது, இன்னொரு காது. என் சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

தாளத்தைத் தானாகச் சேர்க்கும் பட்டன் உண்டே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்டு. கம்ப்யூட்டரில் செய்த பாட்டுக்கு அது சரியாக வரும். நம் ஊரில் ஆட்கள் கேட்பது பழைய பாட்டும், நையாண்டி மேளமும், கையால் அடித்த தவிலும். அவற்றின் தாளம் மனுஷன் நடப்பது போலக் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். பட்டன் அங்கே திணறிப்போகும்.

இது எதையும் நான் இசக்கியிடம் சொல்லவில்லை. அவன் கணக்கு வேறு. “பெருசா இருக்கணும்லே. லைட்டு எரியணும். நாலு பாட்டு ஒரே நேரத்துல ஓடணும். பாக்கிறவன் மிரளணும்.” அதனால்தான் மதுரையில் அந்த ஊதா விளக்கு மிஷின். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதும், அவன் சும்மா இருக்கவில்லை. விளாத்திகுளத்தில் ஒரு ரேடியோ செட்காரரிடம் அதே மிஷின் இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்துவிட்டான்.

“ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு பெறந்தநாளு. ஓட்டிப் பாரு. பிடிச்சா வாங்கு.”

முத்தையாபுரத்து மத்தியானம்

சின்ன மண்டபம். கேக் வெட்டியாகிவிட்டது. பிள்ளைகள் இருபது முப்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு அழகாகப் போனது.

இரண்டாம் பாட்டுக்கு ஹெட்போனை வலது காதில் அழுத்தினேன். உள்ளே இருப்பது கேட்டது, வெளியே ஓடுவது கேட்கவில்லை. ஹெட்போனைத் தூக்கினேன். வெளியே கேட்டது, உள்ளே போய்விட்டது. வைத்தேன், எடுத்தேன். பேஸ் பெட்டிகள் மண்டபத்தின் மறுகோடியில் இருந்தன. நெஞ்சுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு குத்துமதிப்பில் அடுத்த பாட்டை உள்ளே விட்டேன்.

இரண்டு பாட்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. எனக்குச் சரியாக இருப்பது போலத்தான் தோன்றியது. ஹெட்போன்தான் காதில் இருந்ததே! பிள்ளைகள் ஆடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தபோதுதான் ஏதோ தப்பு என்று புரிந்தது. பிறந்தநாள் பெண் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குள் என் இடது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு சத்தத்தைக் கீழே இறக்கியது. இசக்கி. முகம் சிவந்திருந்தது. மீதி நேரத்துக்கு அவனே போனிலிருந்து பாட்டுப் போட்டான்.

எல்லாம் முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் லோடு ஆட்டோவில் பெட்டி ஏற்றும்போது என்னைப் பிடித்துக்கொண்டான்.

“நிறுத்துலே, நிறுத்துலேன்னு தொண்ட கிழியக் கத்துதேன். பக்கத்துல நின்னு கத்துதேன். திரும்பியே பாக்க மாட்டேங்கே! அம்புட்டுத் திமிரா ஒனக்கு?”

திமிர் என்றதுதான் பொறுக்கவில்லை.

“எனக்கு இந்தக் காது கேக்காதுலே” என்றேன்.

“எந்தக் காது?”

தொட்டுக் காட்டினேன்.

“சரியாயிட்டுன்னு சொன்னியே?”

“பொய்.”

இசக்கி ஆட்டோவின் பின்பலகையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு ஏதோ கணக்குப் போடுவது போல நிமிர்ந்தான்.

“அப்ப மதுரையில இருந்து வரும்போது நான் பஸ்ஸுல பேசுனது?”

“கேக்கல.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

“ஏலே, எங்க மாமனாருக்கும் எனக்கும் நடந்த சண்டைய மொதல்லருந்து கடைசி வரைக்கும் சொன்னேனேலே! இதுவரை ஒருத்தன்ட்டயும் சொன்னதில்ல.”

“நான் ம்னு சொன்னேன்லா.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: “சரி, பொறவு எப்படிலே டிஜே ஆவ?”

வீட்டுக்கு வந்து லேப்டாப்பை மூடி அலமாரியில் வைத்தேன். இரண்டு வாரம் தொடவில்லை.

போனில் மெர்சி

மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெர்சி என் சட்டைப்பையில் கிடந்த கடை அட்டையைப் பார்த்துப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேஜை மேல் வைத்தாள்.

“இந்த டிஜே மிஷினு பாக்கிற பிள்ள இருக்கா? ... நீதானாம்மா? எங்க வீட்டுக்காரரு தூத்துக்குடியில இருந்து வந்திருந்தாரு. அவருக்கு ஒரு காதுதான் கேக்கும். அதுக்குத் தோதா மிஷினு உண்டா?”

நான் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை.

மறுமுனையில் நித்யா. “நல்லா கேக்குதுன்னு சொன்னாரேக்கா?”

“அப்படித்தான் எல்லார்ட்டயும் சொல்லுவாரு.”

நித்யா சிரித்தாள். “கூட்டிட்டு வாங்கக்கா. பாத்துக்கலாம்.”

புதன்கிழமை மெர்சி லீவு போட்டுவிட்டு வந்தாள். கடை மாடியில் அதே கண்ணாடி மேஜை. இந்தத் தடவை நித்யா வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். “எனக்கு இடது காது சுத்தமா கேக்காதும்மா. அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்.”

ஐயோ என்றோ பாவம் என்றோ அவள் சொல்லவில்லை. “வலது காது நல்லா இருக்குல்லண்ணே? அப்ப இதப் பாருங்க” என்று ஒரு குமிழைத் தொட்டாள்.

அதை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் ஹெட்போனில் அடுத்த பாட்டு மட்டும் கேட்கும். மறுபக்கம் திருப்பினால் ஊருக்கு ஓடும் பாட்டு மட்டும். நடுவில் வைத்தால் இரண்டும் கலந்து, ஒரே காதில். அவ்வளவுதான் விஷயம். உலகத்தில் உள்ள டிஜேக்கள் பாதிப்பேர் அதைத் தொடுவதே இல்லையாம். ஏனென்றால் அவர்களுக்கு இரண்டு காது.

“இது அந்தப் பெரிய மிஷின்ல கெடையாதா?” என்றாள் மெர்சி.

“இருக்குக்கா. முன்பக்கம் கீழ ஒளிஞ்சிருக்கும். அண்ணன் கேக்கல, நானும் சொல்லல.”

முத்தையாபுரத்தில் அந்த மத்தியானம் முழுக்க அந்தக் குமிழ் என் வயிற்றுக்கு நேரே இருந்திருக்கிறது. எதற்கு என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டுமென்றால் காதைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும்.

நித்யா மூன்று மிஷின்களை அருகருகே வைத்தாள். மிகச் சின்னதில் அந்தக் குமிழே இல்லை. பெரியதில் குனிந்து தேட வேண்டும். நடுத்தரமான ஒன்றில் மட்டும் அது மேலேயே, வலது கைக்கு நேராக இருந்தது. இரண்டு பாட்டு மட்டும்தான் ஓடும். விளக்கும் குறைவு. நான் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன். குமிழ் விரலில் அகப்பட்டது. சங்கு தேடிப் பழகிய கைக்கு அது போதும்.

“இன்னொண்ணு இருக்குண்ணே” என்று விரல் நுனி அளவில் ஒரு ஜாக்கை ஹெட்போன் ஒயரில் செருகினாள். “பாட்டுல கொஞ்சம் வாத்தியம் இடது பக்கம் வரும், கொஞ்சம் வலது பக்கம் வரும். இது ரெண்டையும் சேத்து வலது பக்கமே குடுத்துரும். உங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டு ஏதாச்சும் சொல்லுங்க.”

சொன்னேன். எங்கள் கல்யாணத்தில் ஓடிய பாட்டு. போட்டாள்.

பல்லவி முடிந்ததும் அதில் ஒரு புல்லாங்குழல் வரும். காது போன நாளிலிருந்து ஹெட்போனில் அந்தப் புல்லாங்குழல் எனக்கு வந்ததே இல்லை. அது வரும் இடம் இடது பக்கம். இத்தனை வருஷம் அந்த இடத்தில் தபேலா மட்டும் தனியாக ஓடும்.

அன்றைக்கு வந்தது.

கடையில் நின்று அழுவது அசிங்கம் என்று மேலே மின்விசிறியைப் பார்த்தேன். மெர்சி என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, “இதையே கட்டிக் குடும்மா” என்றாள்.

புதுநன்மை விருந்து

முதல் வேலை பங்குக் கோயிலை அடுத்த ஹாலில். புதுநன்மை, அதாவது முதல் முறையாக நற்கருணை, வாங்கிய பிள்ளைகளுக்கு விருந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு. பெண்பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி. பையன்கள் கழுத்தில் டை இறுக்க, அசைய முடியாமல் நின்றார்கள்.

இசக்கி ஒரு பேஸ் பெட்டியைக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி, என் காலடிப் பலகையை ஒட்டி வைத்தான். “ஒன் காலுக்குத் தெரியுதா?” என்று கேட்டான். தெரிந்தது. மெர்சி உலர்பூ கம்பெனி அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி, மேஜையின் இடது ஓரத்தில் சாய்த்து வைத்தாள். ‘வலது பக்கம் வந்து பேசவும்.’

எனக்குக் கூச்சமாக இருந்தது. எடுத்துவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. விட்டுவிட்டேன்.

முதல் பாட்டு. ஹெட்போனை வலது காதில் வைத்து, குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஓடுகிற பாட்டும் வரப்போகிற பாட்டும் ஒரே காதுக்குள். முதலில் இரண்டும் முட்டின. தட்டை விரலால் லேசாகத் தள்ளினேன். இன்னும் கொஞ்சம். இரண்டு தாளமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. உள்ளங்காலிலும் அதுவே வந்தது. மெதுவாக உள்ளே விட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை. பாட்டு மாறியதே தெரியாமல் பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். டை கட்டிய பையன்களில் ஒருவன் அதைக் கழற்றி பாக்கெட்டில் திணித்துவிட்டுக் குதித்தான். ஒரு டிஜேக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஐந்தாவது பாட்டோ ஆறாவது பாட்டோ ஓடும்போது, ஓரக்கண்ணில் இடது பக்கம் ஏதோ வெள்ளையாக அசைந்தது. ஒரு சின்னப் பெண், பூமுடி ஒரு பக்கமாகச் சரிந்து, அட்டைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றி நடந்து என் வலது பக்கம் வந்து நின்றாள்.

“அங்கிள், அந்தப் பக்கம் நின்னு பேசுனா என்ன?”

“எனக்குக் கேக்காதும்மா.”

“ஓ” என்றாள். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. எக்கி நின்று, என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து, தனக்கு வேண்டிய பாட்டைச் சொன்னாள்.

கேட்டது. போட்டேன்.